பதினொன்றாம் வரிக்குப் பிறகு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தானா, இறங்கும்போதுமா என்று எழுது.

எங்கள் பிரிவு வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவை எடுத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒவ்வொன்றின் தலையிலும் நாங்கள் எழுதும் சுருக்கம் இதுவரை பதினான்கு வரி. இந்த மாதம் முதல் பதினொரு வரி. ஐந்து பேர் கொண்ட குழு மூன்று முறை கூடி, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இதை நிறைவேற்றியது. எதிர்த்தவர் மெய்ப்புப் பார்க்கும் அம்மையார். "நீங்க வெட்டுற மூணு வரியிலதான்யா 'ஆனால்' எல்லாம் குடியிருக்கு" என்றார். அவருடைய மாறுபட்ட கருத்து மரியாதையுடன் பதிவு செய்யப்பட்டு, மரியாதையுடன் அலமாரியில் வைக்கப்பட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. ஒரு தீர்ப்பு இருநூறு பக்கம் வருகிறது. கீழ் நீதிமன்றத்தில் ஒரு நாளைக்கு எண்பது வழக்கு. அவர்கள் படிப்பது எங்கள் வரிகளைத்தான். உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று நாட்டுக்குச் சொல்வது, அடக்கமாகச் சொன்னால், மூன்றாம் மாடியில் ஜன்னல் திறக்க வராத அறையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஆறு பேர்.

அண்ணன் வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது. நான் யார் பக்கமும் இல்லை. என் உத்தியோகம் அப்படி. இருந்தாலும் உடன்பிறந்தவனாக ஒரு வார்த்தை. சொத்து வழக்குகளில் சமீப காலமாக நீதிமன்றம் காகிதத்தின் பக்கம் சாய்கிறது. முப்பது வருடம் குடியிருந்தவர் முப்பது வருடம் குடியிருந்தவர், அவ்வளவுதான். பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடவும்.

உன் தம்பி

*

ஜனவரி 29

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தான். வலி ஏறும்போதும் உண்டு, இறங்கும்போதும் உண்டு. நடுப்படியில் நின்றால் இல்லை.

வேலைக்குக் குறைவில்லை. ஊரில் இருக்கும் இரண்டு பல் மருத்துவர்களும் போட்டி போட்டுக்கொண்டு பிடுங்குகிறார்கள். நான் ஒருத்தி பல்செட் கட்டிக் கொடுக்கிறேன். இதை எழுதும்போது முன் அறை மேசையில் பதினேழு பேருடைய வாய், பிளாஸ்டரில், திறந்தபடி இருக்கிறது. ஒன்றும் பேசுவதில்லை. பேசுகிறவர்களைவிட நம்பகமானவை.

உங்கள் பதினொரு வரிக்கு வாழ்த்துகள். அந்த அம்மையாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஒரு சந்தேகம். நீதிமன்ற நோட்டீஸ் என் கைக்கு வந்தது பதினெட்டாம் தேதி. நீ பன்னிரண்டாம் தேதியே கேள்விப்பட்டிருக்கிறாய். உன் அறையில் ஜன்னல் திறக்காது என்கிறாய். செய்தி எந்த வழியாக வந்தது?

வக்கீல் வைத்துவிட்டேன். சின்ன வயதுப் பெண். அவளுடைய அம்மாவின் மேல்வரிசை நான் கட்டியது. அப்பா போன பிறகு நீயும் அண்ணனும் சேர்ந்து எனக்கு எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? "வீடு அக்காவுக்கே. எங்கள் இருவருக்கும் அதில் ஒன்றும் வேண்டாம்." உன் கையெழுத்தில் எழுதி, கீழே இருவரும் ஒப்பமிட்ட கடிதம். பன்னிரண்டு வருடமாகத் தகரப் பெட்டியில் இருக்கிறது. வக்கீலம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது கடிதம் இல்லைம்மா, இதுதான் உங்க வீடு" என்றாள்.

யார் பக்கமும் இல்லை என்று எழுதியிருந்தாய். கேட்காததற்குப் பதில் சொல்கிறவனை நம் அப்பா நம்பியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது, உடனே எழுதுகிறேன். நலம்.

நீதிமன்றத்தின் போக்கு பல துறைகளிலும் தெளிவாகி வருகிறது. வேலைச் சட்டத்தில், இருபது வருடம் தற்காலிகமாக இருந்தவர் இருபது வருட அனுபவம் உள்ள தற்காலிக ஊழியர் என்று முடிவாகியிருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளில், ஏரிக்குள் கட்டடம் கட்டுவது தவறு. கட்டி முடித்துவிட்டால் அது கட்டடம். எல்லாத் துறையிலும் ஒரே நூல் ஓடுகிறது. இருப்பது இருக்கும், எழுதியது நிற்கும்.

ஆகவே அந்தக் கடிதம் முக்கியம். தகரப் பெட்டி, ஈரம், மை பரவும். உன் வீட்டில் பிளாஸ்டர் தூசி வேறு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பி வை. இங்கே விவரம் அறிந்தவர்களிடம் காட்டி, நீதிமன்றத்தில் எப்படித் தாக்கல் செய்வது என்று கேட்டு எழுதுகிறேன். அசலையே அனுப்பு. நகலை இங்கே யாரும் கையில் தொடமாட்டார்கள்.

நோட்டீஸ் பற்றிக் கேட்டிருந்தாய். யாரோ சொன்னார்கள்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

தம்பி

*

பிப்ரவரி 21

தம்பிக்கு,

நலம்.

வழக்கமாக உன் பதில் வரும்போது நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே மறந்திருக்கும். இந்த முறை ஒரே வாரம். முழங்கால் விசாரிப்பை ஒரு வரியில் முடித்துவிட்டாய். அவசரம் புரிகிறது, எதற்கு என்பதுதான் புரியவில்லை.

கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யாராவது வீட்டைத் தபால்ல போடுவாங்களாம்மா?" என்றாள். அவளுக்குத் தம்பி இல்லை. அனுப்பாவிட்டால் உன்னை நான் திருடன் என்று சொன்னதாக ஆகும். அதைச் சொல்ல இன்னும் என்னிடம் ஆதாரம் இல்லை. உன் முதல் பல் விழுந்தபோது கூரைமேல் எறிந்தவள் நான். அந்தக் கூரையைத்தான் அப்பா போன பிறகு என் கைப்பட மாற்றினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வாயும் அச்சு எடுக்காமல் இந்த மேசையைவிட்டுப் போகாது. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வேலைப் பளு. அதனால்தான் தாமதம். உடம்பு நலம். இங்கே வெயில் ஏறிவிட்டது. ஜன்னலைத் திறப்பது பற்றிப் பரிசீலிக்க ஒரு துணைக் குழு போட்டிருக்கிறோம்.

இந்த இரண்டு மாதத்தில் நீதிமன்றம் ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறது. ஜாமீன் கொடுப்பதே விதி என்று மறுபடியும் உறுதி செய்திருக்கிறார்கள்; அந்த வழக்கில் ஜாமீன் கொடுக்கவில்லை. பேச்சுரிமை எல்லையற்றது என்று ஒரு தீர்ப்பு, எல்லை எது என்று இன்னொரு தீர்ப்பு. வரி வழக்குகளில் அரசு தோற்பது குறைந்திருக்கிறது. மனு தாமதமாக வந்தால் தள்ளுபடி. தீர்ப்பு தாமதமாக வந்தால் ஆழ்ந்த பரிசீலனை.

உனக்கு உதவும் என்று ஒன்றைத் தனியாக இணைத்திருக்கிறேன். சாட்சியச் சட்டம். சுருக்கம் நானே எழுதியது, பதினொரு வரி. சாரம் இதுதான்: ஒரு ஆவணத்தின் நகல் அசலுக்கு ஈடாகாது, நகலை நம்பி எந்த நீதிமன்றமும் உரிமையை முடிவு செய்யலாகாது. மிகத் தெளிவான தீர்ப்பு.

அண்ணன் கெட்டவர் இல்லை, அக்கா. கோபக்காரர், அவ்வளவுதான்.

ஓய்வெடு.

தம்பி

*

ஏப்ரல் 30

தம்பிக்கு,

இருக்கிறேன்.

இரண்டு பக்கக் கடிதத்தில் ஜாமீன் இருக்கிறது, வரி இருக்கிறது, உங்கள் ஜன்னல் இருக்கிறது. நான் அனுப்பிய கடிதம் கிடைத்ததா என்பது மட்டும் இல்லை. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த ஒப்புகை அட்டையில் பிப்ரவரி 26 என்று தேதி போட்டு உன் கையெழுத்து இருக்கிறது. சின்ன வயதில் கணக்கு நோட்டில் அப்பா கையெழுத்தை நீயே போடுவாயே, அந்த அளவுக்கு நேர்த்தியாக இல்லை.

நகல் பற்றிய தீர்ப்பை உனக்கு உதவும் என்று அனுப்பினாய், எனக்கு உதவும் என்று சொல்லி. என்னிடம் நகல் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? அச்சு எடுப்பேன் என்று மட்டும்தானே எழுதினேன்.

உன் பதினொரு வரியையும் மூன்று முறை படித்தேன். முன்வரிசையை மட்டும் கட்டிக் கொடுத்த பல்செட் மாதிரி இருக்கிறது. சிரிக்கலாம்; மெல்ல முடியாது. மூலத் தீர்ப்பு முழுவதையும் அனுப்பு.

அக்கா

*

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே.

மூலத் தீர்ப்பு 212 பக்கம். உனக்கு எதற்கு அந்தச் சிரமம்? இந்தக் கட்டடத்திலேயே அதை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை. மூன்று நீதிபதிகளும் அவரவர் எழுதிய பகுதியைப் படித்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.

நான் சொல்வதை ஒரு முறையாவது கேள். அண்ணன் இறங்கி வருகிறார். மாடி எனக்கு, முன் அறை உனக்கு உன் ஆயுள் வரைக்கும், மற்றது அவருக்கு. வேலை செய்ய முன் அறை போதாதா? கடிதமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். அசல் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. நகல் என்னிடம்.

வழக்கு என்று இழுத்தால் உறவும் போகும், உடம்பும் போகும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்பதை நீ நம்பவேண்டும்.

தம்பி

*

ஜூன் 6

தம்பிக்கு,

மூன்று செய்தி.

ஒன்று. தீர்ப்பை வக்கீலம்மா எடுத்துக் கொடுத்தாள். ஓர் அச்சு இறுகுவதற்குள் ஆறு பக்கம் படிப்பேன். முப்பத்தாறு வாயில் முடித்துவிட்டேன். பக்கம் 187. "ஆனால், அசல் எதிர்த்தரப்பின் கையில் இருந்து, நோட்டீஸ் கொடுத்தும் அவர் அதை நீதிமன்றத்தில் வைக்காவிட்டால், நகலையே சாட்சியமாக ஏற்க வேண்டும்." உங்கள் அம்மையார் சொன்ன இடத்தில், வெட்டிய மூன்று வரிக்குள், சுகமாகக் குடியிருக்கிறது.

இரண்டு. வழக்கில் ஒரு திருத்த மனு வந்திருக்கிறது. முதல் வாதி அண்ணன். இரண்டாம் வாதி என்று ஒருவரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். தொழில்: உச்ச நீதிமன்ற ஊழியர். வயதும் சரியாகத்தான் இருக்கிறது, நான்தானே உன்னைப் பள்ளியில் சேர்த்தேன். என் கைக்கு வந்தது இப்போதுதான், ஆனால் மனு தேதி ஜனவரி 10. வீட்டைவிட்டுப் போக வேண்டியவளின் முழங்காலை நீ விசாரித்தது ஜனவரி 12.

மூன்று. கடிதத்தின் அசலை நீதிமன்றத்தில் வைக்கச் சொல்லி இரண்டாம் வாதிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதினைந்து நாள்.

ஒரு கேள்வி. பதினான்கைப் பதினொன்றாக்கலாம் என்று உங்கள் குழுவில் முதலில் சொன்னது யார்? மற்றதற்கெல்லாம் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு எழுது. வீடு போனால் வேறு கூரை தேடிக்கொள்ளலாம். என்ன மாதிரிப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தேன் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அக்கா

*

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

பிரிவில் சில மாற்றங்கள். மெய்ப்புப் பார்க்கும் அம்மையார் பழைய கோப்புகள் இருக்கும் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறார். எனக்குப் பதவி உயர்வு. இப்போது பிரிவின் துணைத் தலைவர். ஜன்னல் துணைக் குழு தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. ஜன்னலைத் திறக்க முடியாது என்பது உறுதியாகியிருக்கிறது.

நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் கொடுத்தாகிவிட்டது. அப்படி ஒரு கடிதம் இரண்டாம் வாதியின் வசம் இல்லை. சட்டப்படி எழுதும் வாசகம் அது. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

முன் அறை பற்றி நான் சொன்னது அப்படியே இருக்கிறது. அண்ணன் வார்த்தை மாறமாட்டார்.

தம்பி

*

செப்டம்பர் 17

தம்பிக்கு,

நீ வரவில்லை. வந்திருந்தால் உன் எழுத்து எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று நேரில் பார்த்திருக்கலாம்.

விசாரணை பிற்பகல் மூன்று மணிக்கு. அன்றைக்கு எங்களுடையது ஐம்பத்து மூன்றாவது வழக்கு. அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நீ சொல்லிக் கொடுத்திருப்பாய்.

வக்கீலம்மா நகலைக் கொடுத்தாள். உன் கையெழுத்து உள்ள ஒப்புகை அட்டையையும் கொடுத்தாள். எதிர் வக்கீல், உறையைப் பெற்றுக்கொண்டதற்குத்தான் அட்டை, உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு அட்டை இல்லை என்றார். பிறகு உங்கள் சுருக்கங்கள் அச்சான தொகுப்பைத் திறந்து பதினொரு வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

வக்கீலம்மா 212 பக்கத்தையும் தூக்கிக் காட்டி, "நூத்தி எண்பத்தேழாம் பக்கம் பாருங்க ஐயா" என்றாள்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் இருபத்தேழு வழக்கு காத்திருந்தது. "இந்தச் சுருக்கம் யாரோ கடைக்காரர் போட்டதில்லைம்மா. உச்ச நீதிமன்றத்தோட சொந்தப் பிரிவு எழுதினது. அந்த வரி முக்கியமா இருந்தா அவங்க விட்டிருப்பாங்களா?" என்றார்.

"எழுதினவரே இந்த வழக்கில இரண்டாம் வாதிங்க ஐயா."

"அது உங்க மனுவில இருக்கா?"

இல்லை. அதை மனுவில் எழுத வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். உன் வேலை போய்விடும் என்றாள் வக்கீலம்மா, அதனால்.

நகல் செல்லாது. வீடு மூன்று பங்கு. மூன்றாகப் பிரிக்க முடியாத அளவு சின்ன வீடு என்பதால், இரண்டு பங்குக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து மூன்றாம் பங்குக்காரருக்கு விலையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். இனி நான் ஒரு காசோலைக்குள் குடியிருக்க வேண்டும். அறுபது நாள் கெடு. முன் அறை பற்றித் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. மாடி பற்றியும் இல்லை, அதையும் கவனித்தேன். உன் பங்கை அண்ணன் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாயாமே.

கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அக்கா

*

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்குச் சில நாளாகத் தூக்கம் சரியில்லை, மற்றபடி நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிருக்கு அதிகமாகுமே.

எங்கள் பிரிவு மிக முக்கியமான முடிவு ஒன்றை எடுத்திருக்கிறது. சுருக்கம் மறுபடியும் பதினான்கு வரி. இம்முறை குழு ஒரே அமர்வில், ஐந்து பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது. முன்மொழிந்தது நான். நகல் தீர்ப்பின் சுருக்கத்தில் விடுபட்ட மூன்று வரிகளையும் அச்சிட்டு, பிழைதிருத்தச் சீட்டாக எல்லா நீதிமன்றங்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி வரும் வழக்குகளுக்கு இது பொருந்தும். முடிந்த வழக்குகளைக் கிளறக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நீண்டகாலப் போக்கு.

சென்ற மாதம் மாடி விஷயமாக அண்ணனோடு பேசினேன். மாடி எனக்கு என்று தான் அப்படி ஒரு கடிதம் எழுதவே இல்லை என்கிறார். "அசலைக் காட்டுடா பார்ப்போம்" என்கிறார். அசல் அவரிடம்தான் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருப்பது நகல்.

உன் வக்கீலம்மாவின் முகவரியைத் தெரியப்படுத்தினால் உதவியாக இருக்கும். நீ சாட்சி சொல்ல வரவேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணன் முன் அறையில் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டார் என்று நம்புகிறேன்.

பிப்ரவரியில் நீ அனுப்பிய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அசல். மை பரவவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

[உறையின் மேல், தபால் நிலைய முத்திரைக்குக் கீழே, நீல மையில்]

டிசம்பர் 2. பெறுநர் இம்முகவரியில் இல்லை. கட்டடம் இடிக்கப்பட்டுள்ளது. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.